இயற்கை பெயின்ட் நல்லதா? முதலில் அதில் என்ன பசை என்று கேளுங்கள்

எனக்கு வந்த கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: தஞ்சாவூர்ப் பக்கம் தாத்தா காலத்துக் காரை வீடு, அதாவது சுண்ணாம்புச் சாந்து பூசியது. பின்கட்டில் சமீபத்தில் சிமென்ட் பூசிக் கட்டிய இரண்டு அறைகள். பொங்கலுக்குள் மொத்த வீட்டுக்கும் அடித்தாக வேண்டும். கடைக்காரர் அக்ரிலிக் எமல்ஷன் என்கிறார், தம்பி சாணி பெயின்ட் என்கிறார், அம்மா சுண்ணாம்பே போதும் என்கிறார். இயற்கை பெயின்ட் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்பது உண்மையா, விற்பனைப் பேச்சா?

அம்மா சொல்வது பெரும்பாலும் சரி. தம்பி சொல்வது பாதி சரி. ஆனால் 'இயற்கை' என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்து முடிவெடுத்தால் இரண்டு பக்கமும் ஏமாறலாம். பழைய வீடுகளைச் சீரமைக்கும் வேலையில் இருப்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி என்னிடம் வரும். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

எந்தப் பெயின்ட்டையும் பிரித்துப் பார்த்தால் நான்கு சமாச்சாரங்கள்தான். நிறம் தரும் பொடி, இடத்தை நிரப்பும் மலிவான சுண்ணக்கல் மாவு, இதையெல்லாம் சுவரோடு ஒட்டவைக்கும் பசை, பசையைக் கரைத்து வைத்திருக்கும் தண்ணீரோ தின்னரோ. கடையில் நாம் கேட்பது நிறத்தைப் பற்றி மட்டும். சுற்றுச்சூழல் கணக்கோ பெரும்பாலும் பசையில் இருக்கிறது. எமல்ஷன் பெயின்ட்டில் பசை என்பது அக்ரிலிக், ஸ்டைரீன், வினைல் வகைப் பிளாஸ்டிக். கச்சா எண்ணெயிலிருந்தும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் வருவது. தண்ணீரில் மிதக்கும் மிகச் சிறிய பிளாஸ்டிக் துளிகள், தண்ணீர் ஆவியானதும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு படலமாகின்றன. 'வாட்டர் பேஸ்ட்' என்று டப்பாவில் போட்டிருப்பது பொய்யில்லை. ஆனால் அந்தத் தண்ணீர் போய்விடும், சுவரில் நிற்பது பிளாஸ்டிக்.

சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கால் யாருக்கு என்ன கெடுதல் என்று கேட்கலாம். ஒட்டிக்கொண்டே இருந்தால் பரவாயில்லை. அது இருப்பதில்லை. வெயிலில் பொடிகிறது, மழையில் உரிகிறது, அடுத்த முறை பெயின்ட் அடிப்பதற்கு முன் நாமே எமரித்தாள் போட்டுத் தேய்த்துக் காற்றில் விடுகிறோம். 2022இல் ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த ஓர் ஆய்வு நிறுவனம் உலக அளவில் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தது. பெயின்ட்டில் சராசரியாக 37 சதவீதம் பிளாஸ்டிக், ஆண்டுக்குச் சுமார் 19 லட்சம் டன் பெயின்ட் பிளாஸ்டிக் கடலுக்கும் நீர்நிலைகளுக்கும் போகிறது, அங்கே போய்ச் சேரும் நுண்பிளாஸ்டிக்கில் பாதிக்கும் மேல் இதுதான் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். கப்பல், பாலம், சாலைக்கோடு எல்லாம் சேர்ந்த கணக்கு அது. அதிலும் கட்டடங்களின் பங்கு பெரியது. மதிப்பீடுதான், தராசில் நிறுத்த எடை இல்லை. பாதியாகக் குறைத்து வைத்துக்கொண்டாலும் டயர்த் தூள், துணிநார் என்று பேசும் நாம் சுவரைப் பற்றிப் பேசாமல் இருப்பது ஆச்சரியம்தான்.

இன்னொரு கசிவு நம் கண்ணெதிரே நடக்கிறது. சாயங்காலம் வேலை முடிந்ததும் பெயின்டர்கள் ரோலரையும் தட்டையும் எங்கே கழுவுகிறார்கள் என்று பாருங்கள். வாசல் குழாயடியில். ரோலர் பஞ்சு நிறையப் பெயின்ட்டைக் குடித்து வைத்திருக்கும். அதைப் பிழியப் பிழிய வெள்ளைத் தண்ணீர் நேராகத் தெருச் சாக்கடைக்குப் போகும். இன்னும் படலமாகாத பிளாஸ்டிக் துளிகள், கெடாமல் இருக்கப் போட்ட மருந்துகள், எல்லாம் அதோடு போகின்றன. எந்தப் பெயின்ட் வாங்கினாலும் சரி, இந்த ஒரு பழக்கத்தையாவது மாற்றச் சொல்லுங்கள். ஒரே வாளியில் கழுவி, வண்டல் அடியில் தங்க ஓரிரு நாள் விட்டு, மேலே தெளிந்ததை வெறும் மண்ணில் ஊற்றி, அடிக்கசடைக் காயவைத்துக் குப்பையில் போடலாம். செலவே இல்லாத வேலை.

கெடாமல் இருக்க மருந்து என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீரும் பசையும் சேர்ந்த எதுவும் டப்பாவுக்குள் அழுகும். அதனால் ஐசோதயாசோலினோன் வகை மருந்துகளைக் கலக்கிறார்கள். சிலருக்குத் தோல் அரிப்பு வருவது இதனால்தான். வெளிச்சுவர்ப் பெயின்ட்டில் பாசி, பூஞ்சை பிடிக்காமல் இருக்கத் தனி மருந்து உண்டு. அவற்றில் டையூரான், டெர்பியூட்ரின் போன்றவை வயலில் தெளிக்கும் களைக்கொல்லி வகையைச் சேர்ந்தவை. மழை பெய்யும்போது இவை சுவரிலிருந்து கரைந்து ஓடைக்குப் போவதை ஸ்விட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் அளந்து காட்டியிருக்கிறார்கள். பாசி பிடிக்காமல் இருப்பதற்கே அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தாக வேண்டும். சுண்ணாம்புக்கு இந்த மருந்தெல்லாம் தேவையில்லை. புதிதாக இருக்கும்போது அதன் காரத்தன்மை 12.4 பிஹெச் வரை போகும். அதில் எதுவும் முளைக்காது.

அடுத்தது வெள்ளை நிறம். இன்றைக்கு வெள்ளைப் பெயின்ட் என்றால் டைட்டானியம் டையாக்சைடு. அதற்கான மூலப்பொருள் இல்மனைட், நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைப்பது. கறுப்பாக இருக்கும் அந்த மணலை வெள்ளைப் பொடியாக்குவது லேசான காரியமில்லை. பழைய சல்பேட் முறையில் கந்தக அமிலத்தில் போட்டுக் கரைக்கிறார்கள். கிடைக்கும் வெள்ளைப் பொடியைவிட அதிக எடைக்கு அமிலக் கழிவு மிஞ்சுகிறது. 1972இல் இத்தாலியத் தொழிற்சாலை ஒன்று இந்தச் சிவப்புக் கழிவைக் கடலில் கொட்டியதற்கு எதிராக கோர்சிகாத் தீவு மக்கள் பெரிதாகக் கிளர்ந்தார்கள். டைட்டானியம் கழிவுக்கென்றே 1978இல் ஐரோப்பா தனியாக ஒரு விதி கொண்டுவந்தது. குளோரைடு முறையில் கழிவு குறைவு. ஆனால் அதற்கும் மிக அதிக வெப்பமும் குளோரின் வாயுவும் வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், 'இயற்கை' என்று விற்கும் பல பெயின்ட்டுகளிலும் வெள்ளைக்கு இதே பொடிதான் இருக்கும். வேறு எதுவும் இவ்வளவு நன்றாக மறைக்காது.

தின்னர் கலக்கும் எனாமல் பெயின்ட் தனிக் கதை. அடித்ததும் வீடு முழுக்க நாறுகிறதே, அந்த நாற்றம்தான் ஆவியாகும் கரைப்பான். டப்பாவின் எடையில் கணிசமான பங்கு அப்படியே காற்றில் போய், வெயிலில் வாகனப் புகையோடு சேர்ந்து தரைமட்ட ஓசோனை உண்டாக்குகிறது. எமல்ஷனில் இது வெகுவாகக் குறைவு. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 'லோ விஓசி', அதாவது ஆவியாகும் பொருட்கள் குறைவு, என்று போட்டிருந்தால் மட்டும் ஒன்றைக் கேளுங்கள்: அந்த அளவு வெள்ளை பேஸுக்கா, நிறம் கலந்த பிறகா? கடையில் மிஷினில் சொட்டுச் சொட்டாக விடும் நிறப் பசையிலும் ஆவியாகும் பொருட்கள் உண்டு. அடர்ந்த நிறம் கேட்டால் கணக்கு மாறிவிடும்.

இனி சுண்ணாம்பு. இதன் அழகு அதன் சுழற்சியில் இருக்கிறது. சுண்ணக்கல்லையோ கிளிஞ்சலையோ சுமார் 900 டிகிரியில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். ஒரு கிலோ சுத்தமான சுண்ணக்கல்லுக்கு 560 கிராம் சுண்ணாம்பு, 440 கிராம் கரியமில வாயு. தண்ணீர் ஊற்றி நீற்றிச் சுவரில் அடித்தால், அது காற்றிலிருந்து அதே வாயுவைத் திரும்ப இழுத்து மறுபடி சுண்ணக்கல்லாகிறது. தடித்த காரைச் சாந்தில் இது முடியப் பல வருடம் ஆகும். வெள்ளையடித்த மெல்லிய பூச்சில் சில வாரங்களில் பெரும்பகுதி முடிந்துவிடும். ஆகக் கல்லிலிருந்து போன வாயு கல்லுக்கே வந்துவிடுகிறது. பசை என்று தனியாக எதுவும் இல்லை, சுண்ணாம்பே பசை, அதுவே நிறம். உரிந்து விழுந்தாலும் விழுவது சுண்ணக்கல் தூள்.

இதைச் சொல்லிவிட்டு 'சுண்ணாம்பு கார்பனே விடுவதில்லை' என்று எழுதுகிறவர்கள் சூளையை மறந்துவிடுகிறார்கள். 900 டிகிரிக்குக் கல்லைச் சூடாக்க விறகோ கரியோ எரித்தாக வேண்டும். அந்தப் புகையைச் சுவர் திரும்ப இழுக்காது. ஊருக்கு ஊர் இருந்த சிறிய காளவாய்களில் வெப்பம் நிறையவே வீணாகும். ஆனாலும் வெள்ளையடிக்கத் தேவைப்படும் சுண்ணாம்பு கொஞ்சம்தான், பக்கத்து மாவட்டத்திலிருந்தே வரும் என்பதால் மொத்தக் கணக்கு சுண்ணாம்புக்குச் சாதகமாகவே இருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

சூளையைவிட எனக்கு அதிகம் உறுத்துவது அந்தக் கல் எங்கிருந்து வருகிறது என்பதுதான். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி, மண்டபம் கரையோரம் பல பத்தாண்டுகள் பவளப்பாறையை வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக்கும் கட்டட வேலைக்கும் அனுப்பினார்கள். 1986இல் அது கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. ஆனாலும் பாறை போன இடம் போனதுதான். பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. இலங்கையில் ஹிக்கடுவைக்கு வடக்கே இதே தொழில் இதே சூளைகளுக்காக நடந்தது. 2004 சுனாமியில் பெரெலியாவில் ரயிலைப் புரட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்ற அலை சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே போயிருக்கிறது. பாறையைக் காப்பாற்றி வைத்திருந்த ஹிக்கடுவையில், சில கிலோமீட்டர் தள்ளி, அலை சில பத்து மீட்டரோடு நின்றது. பின்னால் ஆராய்ந்தவர்கள் பவளப்பாறை வெட்டியதை இந்த வித்தியாசத்துக்கு முக்கியக் காரணமாகச் சொன்னார்கள். அந்தப் பாறையில் ஒரு பங்கு யார் வீட்டுச் சுவரிலோ வெள்ளையாக இருந்திருக்கும். நூறு சதவீதம் இயற்கைப் பொருள்!

எனவே 'இயற்கை' என்றால் தானாக நல்லது என்று நினைக்க வேண்டாம். சுவரோவியக்காரர்கள் பயன்படுத்திய அரிதாரம் ஆர்சனிக், சாதிலிங்கம் பாதரசம். இரண்டும் மண்ணிலிருந்து வந்தவை. பல நூற்றாண்டுகள் உலகம் முழுக்க வெள்ளைக்குப் பயன்பட்ட ஈய வெள்ளை, பெயின்டர்களின் நரம்பைத் தின்றது. வீட்டின் உள்ளே அதை அடிப்பதைக் கட்டுப்படுத்த 1921இலேயே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஒப்பந்தம் போட்டது. இந்தியாவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல் வந்தது. 2017 நவம்பரிலிருந்துதான் கட்டாயம் ஆனது. உங்களுக்கு இது நேரடியாகச் சம்பந்தப்பட்டது. பழைய கதவு, ஜன்னல் கம்பிகளில் அடுக்கடுக்காக இருக்கும் மஞ்சள், பச்சை, சிவப்பு எனாமலில் ஈயம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அதை உலர்ந்தபடி எமரித்தாள் போட்டுத் தேய்க்க விடாதீர்கள். நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். குழந்தைகள் இருந்தால் அன்றைக்கு வேறு வீட்டில் இருக்கட்டும்.

இயற்கைக் கரைப்பான்களும் அப்படித்தான். பைன் மரத்து டர்பன்டைனும் ஆரஞ்சுத் தோலிலிருந்து எடுக்கும் லிமோனீனும் ஆவியாகிக் காற்றைக் கெடுப்பதில் பெட்ரோலியத் தின்னருக்குச் சளைத்தவை அல்ல. மூக்குக்கு வாசனையாக இருக்கும், அவ்வளவுதான். லின்சீட் எண்ணெய், அதாவது ஆளிவிதை எண்ணெய், மரத்துக்கு அருமையான பூச்சு. ஆனால் அது காய்வது ஆக்சிஜனை இழுத்து. அப்போது சூடு உண்டாகும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே பற்றிக்கொள்ளும். 1991இல் ஃபிலடெல்ஃபியாவில் ஓர் உயரமான கட்டடம் இப்படித்தான் எரிந்து, மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். துணியை விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் போடுங்கள்.

சாணி பெயின்ட்டுக்கு வருகிறேன். காதி கிராமத் தொழில் ஆணையம் 2021 ஜனவரியில் வெளியிட்டது. உருவாக்கியது ஜெய்ப்பூரில் இருக்கும் குமரப்பா தேசியக் கைத்தாள் நிறுவனம். பெயர் யாருடையது என்று பார்த்தால், உங்கள் தஞ்சாவூரிலேயே பிறந்த ஜே.சி. குமரப்பா. கிராமப் பொருளாதாரம் பற்றி வாழ்நாள் முழுக்கப் பேசியவர். டிஸ்டெம்பர், எமல்ஷன் என்று இரண்டு வகையில் வந்தது. அறிமுக விலை லிட்டருக்கு 120, 225 ரூபாய். ஈயம், பாதரசம் போன்ற கன உலோகங்கள் இல்லை என்கிறார்கள். சாணத்துக்கு விலை கிடைப்பது மாடு வைத்திருப்பவருக்கு நல்லதுதான், அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் சாணம் அதில் பெரும்பாலும் நிரப்பும் பொருளின் இடத்தில் இருக்கிறது. துணியால் துடைக்கிற அளவுக்கு ஓர் எமல்ஷன் நிற்கிறது என்றால், அதை நிற்கவைக்கும் பசை ஒன்று உள்ளே இருந்தாக வேண்டும். உங்கள் தம்பியிடம் அதைத்தான் கேட்கச் சொல்லுங்கள்: பசை என்ன? கேசின் என்ற பால் புரதம், தாவரப் பிசின், சுண்ணாம்பு என்று பதில் வந்தால் மகிழ்ச்சி. 'அக்ரிலிக் கோபாலிமர்' என்று வந்தால், அது சாணம் கலந்த பிளாஸ்டிக் பெயின்ட். வாங்கக் கூடாது என்றில்லை, தெரிந்து வாங்குங்கள். கடைகளில் கிடைக்கும் மற்ற 'ஆர்கானிக்', 'ஈகோ' டப்பாக்களுக்கும் இதே கேள்விதான். பதில் சொல்ல மறுக்கும் கம்பெனியை விட்டுவிடலாம்.

சரி, உங்கள் வீடு. முன்கட்டுக் காரைச் சுவருக்கு எமல்ஷன் அடிக்கவே அடிக்காதீர்கள். இதில் சுற்றுச்சூழல், சுவரின் ஆயுள் இரண்டும் ஒரே பக்கம் நிற்கின்றன. பழைய சுவர்களுக்கு அடியில் ஈரத்தடுப்பு கிடையாது. காவிரிப் படுகையில் நிலத்தடி ஈரம் செங்கல் வழியாக ஏறிக்கொண்டேதான் இருக்கும். காரையும் சுண்ணாம்பும் நுண்துளை உள்ளவை. ஏறிய ஈரம் அவற்றின் வழியே காற்றில் போய்விடும். மேலே பிளாஸ்டிக் படலம் போட்டால் சுவருக்குப் பாலிதீன் உறை மாட்டியது போல. ஈரம் உள்ளேயே நின்று உப்பைக் கொண்டுவந்து குவிக்கும், படலம் கொப்புளமாக எழும்பும், அதோடு காரையும் பொரிந்து கையோடு வரும். ஓதம் என்று இதற்குத்தான் ஆளைக் கூப்பிடுகிறார்கள். அவரும் வந்து பொரிந்ததைக் கொத்திவிட்டுச் சிமென்ட் பூசி, மேலே வாட்டர்புரூஃப் பெயின்ட் அடிப்பார். ஈரம் இன்னும் இரண்டடி மேலே ஏறும். நல்ல கட்டடங்கள் பல இப்படித்தான் பாழாயின. அந்தக் காரையைக் கொட்டி, அதன் இடத்தில் சிமென்ட்டையும் செங்கல்லையும் புதிதாக வாங்குவதையும் பெயின்ட்டின் கணக்கில் எழுதிப் பாருங்கள். எந்த 'பச்சை' முத்திரையும் அதை ஈடுகட்டாது.

வெள்ளையடிக்கும் முறையை அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். அடிக்க வருகிறவருக்குத் தெரியாமல் இருக்கலாம், அதனால் எழுதுகிறேன். சுட்ட கல் சுண்ணாம்போ கிளிஞ்சல் சுண்ணாம்போ வாங்குங்கள். டிரம்மில் முதலில் தண்ணீர், அப்புறம் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். மாற்றிச் செய்தால் தெறிக்கும். உஸ்ஸென்று சத்தம் வந்து தளதளவென்று கொதிக்கும். பக்கத்தில் குழந்தைகள் வேண்டாம், கிளறுபவர் கண்ணாடி போட்டே ஆக வேண்டும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கொதி அடங்கியபின் மேலே தண்ணீர் நிற்கும்படி மூடி வையுங்கள். எத்தனை நாள் ஊறுகிறதோ அத்தனைக்கு வெண்ணெய் போல் இழையும். பிறகு பழைய வேட்டியில் வடிகட்டி, பால் பதத்துக்குக் கரைத்துக்கொள்ளுங்கள்.

பாக்கெட்டில் வரும் நீற்றிய சுண்ணாம்புப் பொடியும் பயன்படும், புதிதாக இருந்தால். கோணி பிரிந்து கிடந்த பொடி, காற்று பட்டு ஏற்கெனவே சுண்ணக்கல்லாக மாறிச் செத்துப்போயிருக்கும். சோதிக்க ஆரத்தித் தட்டு போதும்: மஞ்சள் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டால் நல்ல சுண்ணாம்பு உடனே அடர்ந்த சிவப்பாக்கும், செத்தது மங்கலாகவே நிற்கும்.

சுவரை முதலில் நனைக்க வேண்டும். சுண்ணாம்பு மட்டையால் மெல்லிசாக ஒரு கை, மறுநாள் இன்னொரு கை, அதற்கு மறுநாள் மூன்றாவது. ஈரமாக இருக்கும்போது அடித்ததே தெரியாது, பழைய சுவர் அப்படியே தெரியும். இங்கேதான் ஆட்கள் பொறுமை இழந்து கெட்டியாகக் கரைத்து அப்பிவிடுகிறார்கள். கெட்டியாக அடித்தால் தோல் தோலாக உரியும். காய்ந்ததும் தானாக வெளுக்கும் என்று சொல்லி நிறுத்துங்கள். கையில் ஒட்டாமல் இருக்க வஜ்ரப் பசையோ அரிசிக் கஞ்சியோ சேர்ப்பது வழக்கம். ஆடை நீக்கிய பாலும் சேர்க்கலாம், பாலின் கேசின் சுண்ணாம்போடு சேர்ந்து நல்ல பசையாகும். கல் உப்பு போடும் வழக்கமும் உண்டு. ஓதம் அடிக்கும் சுவரில் அது வேண்டாம், ஏற்கெனவே இருக்கும் உப்பே போதும்.

நிறம் வேண்டுமென்றால் காவி, மஞ்சள் காவி, வெள்ளைக்குப் பளிச்சென்று வர நீலப் பொடி. மண் நிறங்களைச் சுண்ணாம்பின் காரம் ஒன்றும் செய்யாது. பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய நடையில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் 1931இல் வெளிப்பட்ட சோழர் ஓவியங்கள் சுண்ணாம்புப் பரப்பில் காவி, கரி போன்ற நிறங்களால் தீட்டியவைதான். ஆயிரம் ஆண்டு தாண்டி நிற்கின்றன. மஞ்சள், பீட்ரூட், பூச்சாறு போன்ற தாவரச் சாயங்களைச் சுவருக்கு என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். காரத்திலும் வெயிலிலும் ஒரு பருவம் தாங்காது.

சுண்ணாம்பின் குறையும் சொல்ல வேண்டும். சாய்ந்தால் சட்டையில் கொஞ்சம் ஒட்டும். ஈரத் துணியால் துடைக்க முடியாது. வெளிச்சுவரில் வருடத்துக்கு ஒரு முறை, உள்ளே இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை அடிக்க வேண்டியிருக்கும். எமல்ஷன் அதைவிடப் பல மடங்கு நாள் நிற்கும். பொருள் மலிவு, கூலிதான் செலவு, அதுவும் மட்டை பிடிக்கத் தெரிந்தவர் கிடைத்தால். ஆனால் பழையதைச் சுரண்டாமல் மேலேயே அடித்துக்கொண்டு போகலாம் என்பது பெரிய வசதி. மிச்சக் கரைசலைக் குளத்திலோ கிணற்றடியிலோ கொட்டாதீர்கள், அந்தக் காரத்தில் மீன் சாகும். மூடி வைத்தால் அடுத்த வருடத்துக்கு ஆகும்.

பின்கட்டுச் சிமென்ட் அறைகளில் பிடிவாதம் வேண்டாம். இதுவரை எதுவும் அடிக்காத சிமென்ட் பூச்சு என்றால் சுண்ணாம்பு பிடிக்கும், காரையில் பிடிக்கும் அளவுக்கு இல்லாவிட்டாலும். தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: உறிஞ்சினால் அடிக்கலாம், முத்து முத்தாக வழிந்தால் ஏற்கெனவே பிரைமரோ பெயின்ட்டோ இருக்கிறது, சுண்ணாம்பு நிற்காது. அப்படியிருந்தால், இருப்பதைச் சுரண்டித் தூசியாக்குவதைவிட, வெளிர் நிறத்தில் நல்ல எமல்ஷன் அடித்துப் பத்து வருடம் தொடாமல் விடுவதே குறைந்த கெடுதல். குளியலறைக்கும் அடுப்படி மேடைக்கு மேலும் நானே எமல்ஷன்தான் சொல்வேன்.

கதவு ஜன்னலுக்கு, எனாமலைச் சுரண்டி எடுக்கும் எண்ணம் இருந்தால் மட்டும் ஆளிவிதை எண்ணெய். இல்லையென்றால் பழைய பெயின்ட் கெட்டியாக இருக்கிற வரை அதை மூடியே வையுங்கள், ஈயம் உள்ளேயே இருக்கட்டும்.

மொட்டை மாடியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பின்கட்டுக்கு மொட்டை மாடிதான் இருக்கும் என்பதால் சொல்கிறேன். வெயிலைத் தடுக்க வெள்ளை 'கூல் ரூஃப்' பெயின்ட் அடிப்பது இப்போது பரவலாகிவிட்டது. அகமதாபாத் நகராட்சி 2017இல் ஏழைக் குடியிருப்புகளின் கூரைகளுக்குச் சுண்ணாம்பே அடித்தது. நம் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமான பிறகு மாடித் தண்ணீர் கிணற்றுக்கோ உறிஞ்சு குழிக்கோ போகிறது. மாடியில் நாள் முழுக்க வெயிலில் காய்ந்து பொடியும் பிளாஸ்டிக் பூச்சும் அதோடுதான் போகும். பங்குனியில் சுண்ணாம்பு அடித்து, முதல் மழைத் தண்ணீரை மட்டும் வெளியே திருப்பி விடுங்கள்.

பொங்கலுக்குள் முடிக்க வேண்டும் என்றால் மார்கழி நடுவில் தொடங்கலாம். கோடை வெயிலில் அடித்த சுண்ணாம்பு ஈரம் சட்டென்று போய்ப் பொடியாக நிற்கும். மார்கழிக் குளிரில் மெதுவாகக் காய்வதால் சுவரோடு கெட்டியாகப் பிடிக்கும். டிரம்மையும் சுண்ணாம்பையும் மட்டும் இப்போதே வாங்கி நீற்றி வைத்துவிடுங்கள்.